கச்சான் வெயிலில் நிற்கும் நிறம்: லிப்ஸ்டிக், ஐஷேடோ பலெட் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலும் காரைதீவு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் மணப்பெண் அலங்காரத்துக்குப் போய்வரும் நான், கோடைகாலத்துக்கென்று வெளிவரும் லிப்ஸ்டிக்குகளையும் ஐஷேடோ பலெட்டுகளையும் சொந்தக் காசில் வாங்கிப் பூசிப் பார்த்து மதிப்புரை எழுதி வருகிறேன். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு மனத்தாங்கல்களையே சுற்றி வருகின்றன. பெட்டியில் பார்த்த நிறம் முகத்தில் ஏன் வரவில்லை என்பது ஒன்று. காலையில் இருந்த நிறம் மத்தியானத்துக்குள் எங்கே போனது என்பது மற்றது. விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

நமக்கு ஆண்டு முழுவதும் வெயில்தானே? கோடைகால நிறம் என்று தனியாக ஒன்று எதற்கு?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோடைத் தொகுப்பு என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீடிக்கும் மூன்று மாதங்களை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. கம்பளி உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடும் மகிழ்ச்சியைத்தான் அந்தப் பவள நிறமும் இளம் பீச் நிறமும் சொல்கின்றன; நமக்கோ கழற்றிப் போடுவதற்குக் கம்பளி கிடையாது.

ஆனால் நமது வெயிலும் ஒரே வெயில் அல்ல. பங்குனி, சித்திரை மாதங்களில் காற்று அசையாமல், ஈரம் நிறைந்து, மேலுதட்டுக்கு மேலேயும் கண்ணிமையிலும் வியர்வை துளிர்த்துக்கொண்டே இருக்கும் புழுக்கம் ஒரு வகை. வைகாசிப் பிற்பகுதியில் தொடங்கி ஆவணி வரை வீசும் கச்சான் காற்று இன்னொரு வகை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது அது சூடேறி உலர்ந்து வருவதால், கொடியில் போட்ட சேலை அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். உதட்டுத் தோலும் அப்படியே காய்ந்து வெடிக்கும். புழுக்கத்தில் முதலில் கெடுவது ஐஷேடோ, கச்சானில் முதலில் கெடுவது லிப்ஸ்டிக். ஆகையால் ஒரு பொருள் கோடைக்கு ஏற்றதா என்று நான் சொல்லும்போது அதன் நிறம் புத்துணர்ச்சியாக இருக்கிறதா என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்த இரண்டு வெயில்களில் எதைத் தாங்கியது, எதில் தோற்றது என்பதையே எழுதுகிறேன்.

ஒரு லிப்ஸ்டிக்கையோ பலெட்டையோ எப்படிச் சோதிக்கிறீர்கள்?

கடையில் நின்று புறங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. புறங்கைக்கு உதட்டின் ஈரமும் இல்லை, இமை மடிப்பின் எண்ணெய்ப் பசையும் இல்லை. போதாததற்குக் கடைகளில் எரியும் வெள்ளை விளக்கின் கீழ்ச் சிவப்பெல்லாம் சற்று நீலம் கலந்தே தெரியும்.

காலை ஏழு மணிக்கு வீட்டில் பூசிக்கொண்டு, யன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுப்பேன். பதினொரு மணியளவில் கல்லடிப் பாலத்தை நடந்து கடந்து, வாவிக் காற்றும் நேர் வெயிலும் படும் இடத்தில் நின்று இரண்டாவது படம். மூன்றாவது படம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாடு என்றால் பிஸ்கட்டும் தேநீரும் அல்ல, சோறு, பருப்பு, பாரைமீன் பொரியல், தேங்காய்ப்பால் விட்ட கறி, கடைசியில் தயிர். உதட்டின் நடுப்பகுதியில் நிறம் போய், ஓரத்தில் மட்டும் வரைந்த கோடுபோல ஒரு வளையம் நின்றால் அந்த லிப்ஸ்டிக்குக்கு என்னிடம் பாராட்டுக் கிடைக்காது, ஏனென்றால் முற்றாக அழிந்துபோவதைவிட அது பார்வைக்கு மோசமானது. ஐஷேடோவை ஒரு கண்ணுக்கு வெறும் இமையிலும், மற்றக் கண்ணுக்கு, நிறம் ஒட்டி நிற்பதற்காக முதலில் பூசும் பிரைமரைப் பூசியும் போடுவேன். அன்று என்னை நேரில் காண்பவர்கள் ஒரு கண் மங்கியிருப்பதைப் பார்த்து உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரிப்பதும் உண்டு.

இதை மூன்று நாள் செய்வேன். முதல் நாள் ஆசையில் எல்லாமே அழகாகத் தெரியும். மூன்றாம் நாளில் உதடு காய்ந்திருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா, இமை அரிக்கிறதா என்பவை தெரியவரும். படங்களுக்கு எந்த மெருகூட்டலும் செய்வதில்லை.

லிப்ஸ்டிக் ஏன் உருகுகிறது? அதன் மேல் வியர்வைபோலத் துளிகள் வருவது கெட்டுப்போனதற்கு அடையாளமா?

போன வருடம் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் பார்க்கப் போனபோது, கைப்பையை ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழுள்ள பெட்டியில் பூட்டிவிட்டுப் போனேன். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தபோது, புதிதாக வாங்கிய செங்கல் நிற லிப்ஸ்டிக் மூடிக்குள் தலை சாய்ந்து, குழந்தை கடித்துவைத்த வாழைப்பழம் போல ஒரு பக்கம் நசிந்து கிடந்தது. அதே பையில் இருந்த இன்னொன்று உருகவில்லை. மேற்பரப்பில் ஊசிமுனை அளவான எண்ணெய்த் துளிகள் மட்டும் நின்றன. இரண்டும் ஒரே வெக்கையில்தான் இருந்தன.

வேறுபாடு மெழுகில் இருக்கிறது. குச்சி வடிவ லிப்ஸ்டிக் என்பது மெழுகு, எண்ணெய், நிறப்பொடி ஆகியவற்றின் கலவை. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும்; காண்டெலில்லா மெழுகு 70 பாகையை ஒட்டி உருகும்; பிரேசில் நாட்டுப் பனை வகையொன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகுக்கு 82 பாகைக்கு மேல் வேண்டும். எண்ணெயுடன் கலந்தபின் முழுக் கலவையும் இவற்றைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கும். வெளியே 34 பாகை இருக்கும் நாளில், வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். ஸ்கூட்டர் பெட்டிக்கு எஞ்சின் சூடும் சேரும். கார்னோபா சேர்த்த குச்சி தாக்குப்பிடிக்கும், அதை மிச்சம் பிடித்து எண்ணெயைக் கூட்டிய மென்மையான குச்சி சாய்ந்துவிடும். பெட்டியிலுள்ள பொருட்பட்டியலில் கார்னோபா முன்வரிசையில் இருந்தால் நமது ஊருக்கு அது நல்ல அறிகுறி.

துளிகளைப் பொறுத்தவரை, சூட்டில் எண்ணெய், பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய், கலவையிலிருந்து பிரிந்து வெளியே வருவதே காரணம். மெல்லிய துணியால் ஒற்றிவிட்டுப் பாவிக்கலாம். பழைய எண்ணெய்ச் சட்டியின் சிக்கு வாடை அடித்தால் மட்டும் எறிந்துவிடுங்கள். சாய்ந்துபோன குச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்தால் இறுகும், ஆனால் பழைய வழவழப்பு முழுதாகத் திரும்புவதில்லை.

கிரீம், பளபளப்பில்லாத மேட், திரவ மேட், நிறம் ஊறும் டின்ட் ஆகியவற்றில் எது நமது வெயிலுக்கு நல்லது?

திரவ மேட் வகை உதட்டில் நிற்பதற்குக் காரணம், அதிலுள்ள ஐசோடோடெக்கேன் போன்ற ஆவியாகும் திரவம் ஒரு நிமிடத்தில் பறந்துபோக, சிலிக்கோன் பிசினும் நிறமும் சேர்ந்து ஒரு மெல்லிய படலமாக உதட்டில் ஒட்டிக்கொள்வதுதான். வியர்வையும் தண்ணீரும் அந்தப் படலத்தை அசைப்பதில்லை. எண்ணெய் அசைக்கும். கல்யாண வீட்டில் காலை முதல் நெற்றி வியர்க்க நின்றும் கலையாத உதடு, பந்தியில் இருந்து எழும்பும்போது கலைந்திருப்பதற்கு இதுவே காரணம். சில புதிய கலவைகள் எண்ணெய்ச் சாப்பாட்டையும் ஓரளவு தாங்குகின்றன. 2017இல் அறிமுகமான மேபிலின் சூப்பர்ஸ்டே மேட் இங்க் அந்த வரிசையில் பரவலாகப் பேசப்படுவது. ஆனால் படலம் எவ்வளவு உறுதியோ, காய்ந்த உதட்டின் ஒவ்வொரு வெடிப்பையும் அவ்வளவு தெளிவாகக் காட்டும். கச்சான் மாதங்களில் திரவ மேட் பூசுவதானால், அரைமணி நேரம் முன்பே, உதட்டைக் காயவிடாத பாம் ஒன்றைத் தடவி, அதை முழுதாக ஒற்றி எடுத்துவிட்டுப் பூச வேண்டும். ஒற்றாமல் விட்டால் அந்த எண்ணெயே படலத்தைப் பிடிக்கவிடாது.

கிரீம் வகை உதட்டுக்கு இதமானது, நிறம் நிறைந்தது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணாடி தேட வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு அதில் குறையொன்றும் இல்லை. மணப்பெண்ணுக்கு நான் அதைத் தனியாகப் போடுவதில்லை.

என் விருப்பம் டின்ட் பக்கம் சாய்கிறது. உதட்டின் மேல் படலமாக நிற்காமல், தோலின் மேற்படையில் ஊறி நிற்கும் நிறம் அது. வெற்றிலை போட்டு வாய் சிவந்த அம்மம்மாக்களை அறிந்த நமக்கு இந்த எண்ணம் புதிதல்ல. வெற்றிலையின் கேடு வேறு கதை. சொல்ல வந்தது அந்தச் சிவப்பின் இயல்பை மட்டும். நவீன லிப்ஸ்டிக்கில் இதே வழியைப் பெரிதாக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் ஹேசல் பிஷப். முத்தமிட்டாலும் ஒட்டாத லிப்ஸ்டிக் என்று அவர் 1950இல் சந்தைக்குக் கொண்டுவந்ததும் தோலில் ஊறும் சாயத்தை நம்பியதே.

பான்சிக் கடைகளில் விற்கும் பச்சை நிற மாயக் குச்சி, அவரவர் உதட்டுக்கு ஏற்ற நிறத்தைத் தருமா?

தராது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே ரோசா நிறத்தைத்தான் தரும். அதிலுள்ள சாயம் மெழுகுக்குள் இருக்கும்போது நிறமற்றுக் கிடந்து, உதட்டின் ஈரமும் அமிலத்தன்மையும் பட்டவுடன் சிவக்கிறது. வெளியே தெரியும் பச்சை வெறும் வேடம். என் தங்கையும் நானும் எங்கள் வேலைக்காரப் பிள்ளையும் ஒரே குச்சியை வெவ்வேறு பஞ்சில் எடுத்துப் பூசிப் பார்த்தோம். மூவருக்கும் தோல் நிறம் வேறு, கிடைத்த ரோசா ஒன்றே. கறுத்த உதட்டில் சற்று அடங்கித் தெரிந்தது, அவ்வளவுதான். நிறம் நாள் முழுவதும் நிற்கும் என்பது மட்டும் உண்மை. இந்த வகைச் சாயம் சிலருக்கு உதட்டில் அரிப்பையும் ஒவ்வாமையையும் கொடுக்கும் என்பதால், முதலில் காதுக்குப் பின்னால் ஒரு நாள் பூசிப் பாருங்கள்.

பவளம், பீச், இளம் ஊதா போன்ற கோடை நிறங்கள் எங்கள் தோலில் சாம்பல் பூத்ததுபோல ஏன் தெரிகின்றன?

இளம் நிறங்களை உண்டாக்க நிறப்பொடியுடன் வெண்மைக்காக டைட்டானியம் டையொக்சைட்டைக் கூட்டுகிறார்கள். வெளிறிய தோலில் அந்த வெண்மை கரைந்து போகும். மாநிறத்திலும் கறுப்பிலும் அது தனியாக மேலெழுந்து, சுண்ணாம்பு பூசியதுபோல நிற்கும். குற்றம் நமது தோலில் இல்லை. இளம் நிறங்களை நாம் அறவே தவிர்க்க வேண்டியதும் இல்லை; அதே நிறக் குடும்பத்தில் இரண்டு படி ஆழமாக இறங்கினால் போதும்.

பீச்சுக்குப் பதிலாக, மரமுந்திரிகைப் பழம் நன்றாகப் பழுத்து மஞ்சளில் இருந்து சிவப்புக்கு மாறும் இடத்திலுள்ள அந்தச் செம்மஞ்சளைத் தேடுங்கள். பவளத்துக்குப் பதிலாகச் செவ்வரத்தம்பூச் சிவப்பு. இளம் ஊதாவுக்குப் பதிலாக நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். எங்கள் பக்கத்து மணப்பெண்களுக்கு நான் மீண்டும் மீண்டும் போடுவது செங்கல் நிறத்துக்கும் செவ்வரத்தைக்கும் நடுவிலுள்ள ஒரு சிவப்பு. பகல் வெயிலிலும் ஒளிப்படக்காரரின் விளக்கிலும் அது தடுமாறுவதில்லை. நீலம் கலந்த சிவப்பு வேண்டுமென்றால் மாக் நிறுவனத்தின் ரூபி வூ இன்றும் அளவுகோலாக நிற்கிறது. அதன் மேற்பரப்பு மிகவும் உலர்ந்த மேட் என்பதால் கச்சான் காலத்தில் பாம் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

நம்மில் பலருக்கு மேலுதடு கறுத்தும் கீழுதடு ரோசாவாகவும் இருக்கும். இதை மதிப்புரைகளில் எவரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல். ஒரே லிப்ஸ்டிக் இரண்டு உதட்டிலும் இரண்டு நிறமாகத் தெரிந்து, வாங்கியவர் தன் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொள்கிறார். கீழுதட்டின் நடுவில் மட்டும் உதட்டுப் பென்சிலால் கபில நிறத்தை இலேசாகத் தேய்த்து இரண்டையும் ஒரே ஆழத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்மேல் லிப்ஸ்டிக்கைப் பூசுங்கள். உதட்டை வெள்ளையாக்க, தழும்பை மறைக்கப் பூசும் கன்சீலரைப் பூசி அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்தியான வெயிலில் அது வெடித்து, உள்ளே இருக்கும் கறுப்பு கோடு கோடாகத் தெரியும்.

ஐஷேடோ பலெட்டுக்கு அதிக விலை கொடுக்கத்தான் வேண்டுமா? எதைப் பார்த்து வாங்குவது?

விலை கூடிய பலெட்டில் நீங்கள் வாங்குவது நிறத்தை மட்டும் அல்ல, பிணைப்பை. அழுத்திய பொடி ஐஷேடோவின் உடம்பு டால்க், மைக்கா போன்ற கனிமப் பொடிகள். நிறத்தை இரும்பு ஒட்சைட்டு முதலியவை தருகின்றன. இவற்றைத் தட்டில் ஒன்றாகப் பிடித்துவைப்பது சிறிதளவு எண்ணெயும் ஸ்டியரேட் வகைகளும். பிணைப்புக் குறைந்தால் தூரிகை பட்டவுடன் தூள் கிளம்பிக் கன்னத்தில் உதிரும். கூடினால் தட்டு கருங்கல்லாக இறுகி நிறமே ஏறாது. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்குத்தான் நல்ல தயாரிப்பாளர் காசு வாங்குகிறார். சில நாள் பாவித்த பின் தட்டின் மேல் பளபளப்பான ஓடு கட்டி நிறம் ஏறாமல் போனால், ஒட்டுநாடாவை இலேசாக ஒற்றி உரித்தெடுங்கள். விரலின் எண்ணெய் சேர்ந்த மேற்படை அதனுடன் வந்துவிடும்.

கடையில் திறந்து பார்க்க விடுவார்களானால் மின்னும் நிறங்களைத் தொட வேண்டாம்; மின்னும் நிறத்தை எவரும் நன்றாகச் செய்துவிடலாம். மேட் கபிலத்தையும் மேட் கறுப்பையும் விரலால் ஒருமுறை தொட்டு, முன்கையில் ஒருமுறை மட்டும் இழுத்துப் பாருங்கள். நிறம் இடைவெளி இல்லாமல் விழுந்தால் பலெட் நல்லது. திட்டுத்திட்டாக விழுந்தால், அதே திட்டு இமையிலும் வரும்.

நிறத் தெரிவைப் பொறுத்தவரை நமக்கு அதிர்ஷ்டமான காலம் ஒன்று வந்தது. அர்பன் டிகே நிறுவனம் 2010இல் வெளியிட்ட 12 நிற நேக்கட் பலெட்டின் மங்கிய கபிலங்களே சில ஆண்டுகள் எல்லோருக்கும் வழிகாட்டின. அனஸ்தேசியா பெவர்லி ஹில்ஸ் 2016இல் 14 நிறங்களுடன் வெளியிட்ட மொடேர்ன் ரெனைசான்ஸ், அதற்கடுத்த ஆண்டு வந்த நேக்கட் ஹீட், ஹுடா பியூட்டியின் 18 நிற டெசர்ட் டஸ்க் ஆகியவற்றுடன் காவியும் செம்பும் துருச் சிவப்பும் அலையாக வந்தன. ஜூவியாஸ் பிளேஸ் போன்ற நிறுவனங்கள் கறுத்த தோலில் முதல் தொடுகையிலேயே தெரியும் அடர்த்தியை முன்வைத்தே பெயரெடுத்தன. அவை எல்லாம் நமது தோலுக்கே செய்ததுபோலப் பொருந்தும் நிறங்கள். அசலை வாங்க முடியாதவர்கள், உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் மலிவான பலெட்டுகளிலும் இதே காவி, செம்பு, துருக் குடும்பத்தைத் தேடினால் ஏமாற்றம் குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 18 நிறங்களில் நான் அடிமட்டம் தெரியப் பாவித்தவை நான்கு. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

காலையில் பூசிய ஐஷேடோ பத்து மணிக்குள் மடிப்பில் கோடாகச் சேர்வதை எப்படித் தடுப்பது?

இமையின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் பொடியை ஈரமாக்க, ஒவ்வொரு இமைப்பிலும் மடிப்பு அதைக் கூட்டித் தள்ளுவதால் கோடு விழுகிறது. முகம் கழுவிய பின் இமையில் கிரீம் எதுவும் பூசாமல், பிரைமரை அரிசி மணி அளவில் எடுத்து விரலால் தட்டித் தட்டிப் பரப்பி, தோல் நிறப் பொடியை மெல்லிய படையாகப் போட்டபின் நிறத்துக்குப் போக வேண்டும். மின்விசிறிக்குக் கீழே இருந்து செய்யுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் பொடி ஐஷேடோவை விட்டுவிட்டு, காய்ந்தபின் அசையாத கிரீம் குச்சி ஒன்றை விரலால் தேய்ப்பதே புத்திசாலித்தனம்.

மினுக்கத் துகள்களைக் கண்ணில் போடலாமா? சில பலெட்டுகளில் கண்ணைச் சுற்றிப் பாவிக்க வேண்டாம் என்று எழுதியிருப்பது ஏன்?

கைவினைக்கு விற்கும் மினுக்கம் கண்ணுக்கு அறவே ஆகாது. அதன் வெட்டிய விளிம்பு கருவிழியைக் கீறிவிடும். வியர்வையில் இமையிலிருந்து வழுக்கிக் கண்ணுக்குள் போவதற்கு நமது வெயிலில் பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது கேள்வி சற்றுச் சுவையானது. ஐஷேடோ பலெட் போலவே இருக்கும் ஒன்றின் பின்புறத்தில், சிவப்பும் ரோசாவுமான சில தட்டுகளைக் கண்ணருகே பாவிக்க வேண்டாம் என்று பொடி எழுத்தில் போட்டு, ஐஷேடோ என்ற சொல்லைத் தவிர்த்து அழுத்திய நிறப்பொடி என்று பெயரிட்டிருப்பார்கள். அமெரிக்கச் சட்டம் கண்ணைச் சுற்றிப் பாவிக்கக்கூடிய சாயங்களைத் தனியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. லிப்ஸ்டிக்கில் தாராளமாகச் சேரும் சி.ஐ. 15850 என்ற சிவப்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே சாயத்துக்கு அந்தத் தடை கிடையாது. எச்சரிக்கை எழுதியிருந்தால் உடனே விஷம் என்று பொருளல்ல என்றாலும், இமை அரிக்கும் சுபாவம் உள்ளவர்கள் அந்தத் தட்டுகளை விட்டுவிடலாம். லிப்ஸ்டிக்கை இமையில் தேய்த்து ஐஷேடோவாக்கும் பழக்கத்தையும் இதே காரணத்தால் நான் ஊக்குவிப்பதில்லை.

லிப்ஸ்டிக்கில் ஈயம் இருக்கிறது என்கிறார்களே?

கனிம நிறப்பொடிகளுடன் மாசாக மிகச் சிறிதளவு வந்துசேர்வது உண்மை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்தபோது சராசரியாகப் பத்து இலட்சத்தில் 1.11 பங்கும், அதிகபட்சமாக 7.19 பங்கும் ஈயம் இருந்தது. அந்த நிர்வாகம் பரிந்துரைக்கும் உச்ச அளவு 10 பங்கு. ஒழுங்கான நிறுவனத்தின் லிப்ஸ்டிக்கைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, பொருட்பட்டியலே இல்லாமல் சிறு குப்பியில் வரும் சுர்மா என்ற கண்மையைப் பற்றிக் கவலைப்படுவது பொருத்தம். அவற்றில் சில, ஈயத் தாதான கலேனாவை அரைத்தே செய்யப்படுபவை. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு அதை இழுப்பதை எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

விரத காலத்தில் பூசலாமா என்றும், ஹலாலா என்றும் கேட்பவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

காத்தான்குடி, சாய்ந்தமருது வாசகியர் ஒரு பக்கமும், சைவ விரதம் பிடிப்பவர்கள் மறுபக்கமுமாக இருவரும் கேட்பது உண்மையில் ஒரே கேள்வி: இதில் என்ன உயிரின் பாகம் இருக்கிறது? பெட்டியில் கார்மைன் அல்லது சி.ஐ. 75470 என்றிருந்தால், கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுத்த சிவப்பு அது. தேன்மெழுகும், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினும் பரவலாகச் சேர்கின்றன. திரவ மேட் படலம் தண்ணீரை உள்ளே விடாது என்பதை, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் வுழூச் செய்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எது ஆகும், எது ஆகாது என்ற தீர்ப்பு என்னுடையது அல்ல.

போலியையும் காலாவதியானதையும் எப்படி அடையாளம் காண்பது?

நாட்டின் டொலர் நெருக்கடியின்போது 2022 ஆகஸ்டில் முன்னூறுக்கும் மேற்பட்ட இறக்குமதிப் பொருள்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டபோது அழகுசாதனங்களும் அதில் அகப்பட்டன. பிரபல பெயர்களில் அந்த நாட்களில் வந்துசேர்ந்த போலிகள் பின்னரும் நம்மை விட்டுப் போகவில்லை. நகரில் ஒரு கடையில் நான் வாங்கிய பலெட் ஒன்றில் மூடியின் எழுத்து ஒரு விதமாகவும் உட்தட்டின் எழுத்து இன்னொரு விதமாகவும் இருந்தது. தொகுதி இலக்கம் அச்சிடப்படாமல் ஒட்டப்பட்டிருந்தது. நகத்தால் உரித்தபோது கீழே வேறோர் இலக்கம். திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர், விலை குறைவு என்றுதானே வாங்கினீர்கள் என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறக்குமதியாளரின் பெயர், விலை, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். திறந்த டப்பா வடிவச் சின்னத்துக்குள் 12 அல்லது 24 என்ற எண் இருந்தால், திறந்த நாளிலிருந்து அத்தனை மாதங்கள் பாவிக்கலாம் என்று பொருள். அது குளிர்ந்த அறையை எண்ணிப் போட்ட கணக்கு என்பதால் நமது வீடுகளில் லிப்ஸ்டிக்குக்கு நான் சில மாதங்களைக் கழித்துக்கொள்கிறேன். திறந்த திகதியை அடியில் பேனாவால் எழுதி வையுங்கள்.

கடையில் வைத்திருக்கும் மாதிரிக் குச்சியை உதட்டில் பூசிப் பார்க்கலாமா?

வேண்டாம். உதட்டுக் கொப்புளமும் கண்நோயும் அந்த வழியில் பரவும். வீட்டுக்குள் அக்காவும் தங்கையும் ஒரே ஐஷேடோ தூரிகையைப் பாவிப்பதும் இதே கணக்குத்தான்.

இரண்டே இரண்டு பொருள் வாங்கப் பணம் இருக்கிறது. எவற்றை வாங்கலாம்?

வெயிலில் இருந்து பாதுகாக்கும் எஸ்.பி.எஃப். சேர்ந்த ஒரு உதட்டு பாம், செங்கல் சிவப்பில் ஒரு டின்ட். அந்த டின்ட்டைக் கன்னத்திலும் ஒரு புள்ளி வைத்துத் தேய்க்கலாம். மூன்றாவதுக்குப் பணம் சேரும்போது நான்கு நிறங்கள் கொண்ட சிறிய மேட் பலெட் ஒன்று.

இரவில் இவற்றை எப்படி அகற்றுவது?

சவர்க்காரமும் தண்ணீரும் திரவ மேட் படலத்தை ஒன்றும் செய்யாது. தேய்த்துத் தேய்த்து உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். சாப்பாட்டில் அதைக் கலைத்த எண்ணெயே இங்கே உதவும். தேங்காயெண்ணெயை உதட்டில் தாராளமாகத் தடவி இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால், படலம் ஓரத்திலிருந்து சுருண்டு எழும்பும். அதன்பின் ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்தால் போதும். இமைக்கும் இதே எண்ணெய்தான், ஆனால் பஞ்சில் ஊற்றி மூடிய கண்ணின் மேல் வைத்து, மூக்குப் பக்கமாக இழுக்காமல் கீழ்நோக்கித் துடைக்க வேண்டும். கண் வில்லை போடுபவர்கள் முதலில் வில்லையைக் கழற்றிவிடுங்கள். பிறகு மென்மையான முகக் கழுவியால் எண்ணெய் போகக் கழுவி, இன்னொரு புதிய பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். நிறம் வந்தால் மறுபடியும் செய்ய வேண்டியதுதான். கல்யாண வீட்டுக் களைப்பில் அந்த இரண்டாவது பஞ்சைத் தவிர்த்த இரவுகளின் துருச் சிவப்பு, என் தலையணை உறைகள் இரண்டில் எத்தனை தோய்த்தும் போகாமல் இன்னும் இருக்கிறது.